ஒன்ராறியோவின் வடக்கில் குடிநீர்: வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம்.

மனித உரிமை பற்றிய செய்தி இடம்பெறாத வாரம் தங்கள் பத்திரிகையில் அரிது. ஜெனீவா அமர்வுகள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் நடத்தும் போராட்டங்கள், நில அபகரிப்பு, நினைவேந்தல்கள் ஆகியவற்றைத் தாங்கள் விடாது எழுதிவருவதற்கு நன்றியுடைய வாசகர்களில் நானும் ஒருவர். ஆயினும், நாம் குடியுரிமை பெற்று, வரி செலுத்தி, வாக்களித்து வாழும் இந்த நாட்டில், இதே ஒன்ராறியோ மாகாணத்துக்குள், குழாய்நீரை நம்பிக் குடிக்க முடியாமலே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து தானும் பிள்ளை பெற்றுவிட்டது என்ற செய்தி எமது தமிழ்ப் பக்கங்களில் உரிய இடத்தைப் பெறவில்லை. அதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதற்காகவே இதை எழுதுகிறேன்.

தண்டர் பேக்கு வடக்கே, அற்றவபிஸ்கற் ஆற்றின் தலைப்பகுதி ஏரிகளுள் ஒன்றின் கரையில் கனடாவின் பூர்வகுடிகளான முதற்குடியினரின் நெஸ்காண்டகா என்னும் சமூகம் வாழ்கிறது. சில நூறு பேர் மட்டுமே உள்ள ஊர். குளிர்காலத்தில் உறைபனிமீது அமைக்கப்படும் பாதையைத் தவிர வேறு தரைவழி கிடையாது. மற்றக் காலங்களில் விமானம்தான். 1993 இல் கட்டப்பட்ட அவ்வூரின் சுத்திகரிப்பு நிலையம் சரிவர இயங்காததால், 1995 பெப்ரவரியில், நீரைக் கொதிக்கவைத்த பின்னரே குடிக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் விடுக்கப்பட்டது. 30 ஆண்டுகள் கடந்தும் அது நீக்கப்படவில்லை. கனடாவிலேயே மிக நீண்ட காலம் நீடித்துவரும் குடிநீர் அறிவுறுத்தல் அதுதான். 2020 ஒக்ரோபரில், பெருந்தொற்று உச்சத்தில் இருந்த வேளையில், நீர்த்தேக்கத் தொட்டியில் எண்ணெய்ப் படலம் காணப்பட்டதால் குழாய்கள் முற்றாக மூடப்பட்டு, ஊர்மக்கள் விமானங்களில் ஏற்றப்பட்டுத் தண்டர் பே விடுதி அறைகளில் வாரக்கணக்கில் தங்கவைக்கப்பட்டனர். அதற்கு முந்தைய ஆண்டிலும் அவர்கள் இவ்வாறே வெளியேற நேர்ந்திருந்தது. இடம்பெயர்வு என்றால் என்னவென்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. போர் இல்லாத, உலகின் மிகச் செல்வம் படைத்த நாடுகளுள் ஒன்றில், ஒரு நீர்த்தொட்டியின் பழுது அதைச் செய்கிறது.

இது ஓர் ஊரின் துரதிர்ஷ்டம் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். 2015 இல் லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தபோது முதற்குடிச் சமூகங்களில் ஓராண்டுக்கு மேல் நீடித்த அறிவுறுத்தல்கள் நூறைத் தாண்டியிருந்தன. அவை அனைத்தையும் 2021 மார்ச்சுக்குள் நீக்குவதாக அன்றைய பிரதமர் ஜஸ்ரின் ட்ரூடோ வாக்களித்தார். நியாயமாகச் சொல்வதானால், அந்த வாக்குறுதி வெறும் பேச்சாக மட்டும் போய்விடவில்லை. பல நூறு கோடி டொலர் செலவிடப்பட்டது, புதிய நிலையங்கள் கட்டப்பட்டன, 2025 வரையில் 140 க்கும் மேற்பட்ட நீண்டகால அறிவுறுத்தல்கள் நீக்கப்பட்டன. ஆனால் குறித்த காலம் தவறியது. நீக்கப்பட்டவற்றின் இடத்தில் புதியவை சேர்ந்தன. 2025 இலும் முப்பதுக்கு மேற்பட்டவை நடைமுறையில் இருந்தன, அவற்றுள் பெரும்பாலானவை ஒன்ராறியோவில். இந்தக் கணக்கில் வராத வீடுகள் வேறு. அரசு பொது நீர் விநியோக அமைப்புகளை மட்டுமே எண்ணுகிறது. சொந்தக் கிணற்றையும் நீர்த்தாங்கி லொறியையும் நம்பியிருக்கும் குடும்பங்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

இவ்வளவு பணம் செலவிட்டும் ஏன் இந்நிலை என்பதுதான் சிந்திக்க வேண்டிய கேள்வி. அதற்கு விடை தேடுவோர் 2000 ஆம் ஆண்டு மே மாதத்துக்குச் செல்ல வேண்டும். ஒன்ராறியோவின் வோக்கர்ரன் என்னும் சிற்றூரில் கிணற்றுநீரில் ஈ-கோலி கிருமி கலந்து 7 பேர் இறந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். மாகாணமே அதிர்ந்தது. நீதிபதி டெனிஸ் ஓகொனர் தலைமையில் விசாரணை நடந்தது. 2002 இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் நிறைவேறியது. நீரின் தரத்துக்குச் சட்டவலுவுள்ள அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. நிலையங்களை இயக்குவோர் பயிற்சியும் உரிமமும் பெற வேண்டும் என்றாயிற்று. நகரசபை உறுப்பினர்கூடக் கவனக்குறைவாக நடந்தால் தனிப்பட்ட முறையில் தண்டனைக்கு உள்ளாகலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நாம் சற்றும் யோசிக்காமல் குழாயைத் திறந்து குடிப்பதன் பின்னால் அந்தச் சட்டம் இருக்கிறது. முதற்குடி ஊர்களின் நீரே மாகாணத்தில் மிக மோசமானவற்றுள் அடங்கும் என்று அதே விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியிருந்தும், அந்தச் சட்டம் அவ்வூர்களின் எல்லையோடு நின்றுவிட்டது.

காரணம் 1867 ஆம் ஆண்டின் அரசமைப்பு. ‘இந்தியர்களும் (முதற்குடியினரைக் குறித்த அன்றைய சொல்) அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களும்’ மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வைக்கப்பட்டதால், மாகாணத்தின் குடிநீர்ச் சட்டம் அங்கே செல்லாது. மத்திய அரசோ தன் பங்குக்கு அதற்கு ஈடான சட்டம் எதையும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. 2013 இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், தரத்தை வரையறுக்கும் விதிகள் எவையும் இயற்றப்படாமலே, செலவுக்கான பணம் பற்றி எவ்வுறுதியும் தராமலே இருந்து, முதற்குடித் தலைவர்களின் எதிர்ப்புக்கு உள்ளாகி, 2022 இல் நீக்கப்பட்டது. ஆக, வோக்கர்ரனில் 7 பேர் இறந்தபின் ஒன்ராறியோவின் ஏனைய மக்களுக்குக் கிடைத்த சட்டக் காப்பு, இந்த மண்ணில் எல்லோருக்கும் முன்பே வாழ்ந்தவர்களுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

சட்டம் இல்லாத இடத்தில் நிதி எப்படி ஒதுக்கப்படும் என்பதைக் கணக்காய்வாளர் நாயகத்தின் 2021 பெப்ரவரி அறிக்கை காட்டியது. நீர் நிலையங்களின் பராமரிப்புச் செலவைக் கணிக்க அரசு பயன்படுத்திவந்த சூத்திரம் 30 ஆண்டுகளாக மாற்றப்படாமல் இருந்தது. அந்நிலையங்களை இயக்குவோரின் சம்பளம் மற்ற இடங்களில் அதே வேலையைச் செய்வோரின் சம்பளத்தைவிட 30 வீதம் குறைவாக இருந்தது. பயிற்சி பெற்றவர் நல்ல சம்பளம் கிடைக்கும் நகரத்துக்குப் போய்விடுகிறார், நிலையம் பழுதடைகிறது, அறிவுறுத்தல் திரும்ப வருகிறது. ஓர் அமைச்சர் நாடாவை வெட்டிப் புதிய நிலையத்தைத் திறந்துவைக்கும் படம் நாளேட்டில் வரும். ஐந்தாண்டின் பின் அதன் வடிகட்டியை மாற்றப் பணமில்லாத செய்தி வராது. எமது ஊர்களில் திறப்புவிழாவோடு முடிந்துபோன கட்டடங்களைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல.

இதனால்தான் அம்மக்கள் நீதிமன்றத்துக்குச் சென்றனர். நெஸ்காண்டகாவும் வேறு இரு முதற்குடிச் சமூகங்களும் முன்னின்று தொடுத்த கூட்டு வழக்குகளில் 8 பில்லியன் டொலர் பெறுமதியான தீர்வு 2021 டிசம்பரில் நீதிமன்றங்களின் ஒப்புதலைப் பெற்றது. பெருந்தொகைதான். ஆனால் அதன் பின்னர் மனிரோபாவின் ஷமற்றவா சமூகம் தொடுத்த மற்றொரு வழக்கில், அந்த ஊர்களின் நீரமைப்புகளை இயக்கிப் பராமரிக்கும் சட்டக் கடமை எதுவும் தனக்கு இல்லை என்று மத்திய அரசின் வழக்கறிஞர்கள் 2024 இல் வாதிட்டனர். ஒரு கையால் இழப்பீடு வழங்கிக்கொண்டே மறு கையால் கடமையை மறுக்கும் இந்த வாதத்தை ஒரு வழக்கறிஞரின் தந்திரம் என்று நான் ஒதுக்கத் தயாரில்லை. அரசு இதுவரை செய்தவை அனைத்தும் அதன் பார்வையில் கொள்கை சார்ந்த கருணையே தவிர உரிமை அல்ல என்பதை அது ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டது.

பன்னாட்டு அரங்கிலும் கனடாவின் போக்கு இதுவாகவே இருந்திருக்கிறது. பாதுகாப்பான குடிநீர் ஒரு மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலையில் தீர்மானித்தபோது 122 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவர் எவருமில்லை, வாக்களிக்காமல் ஒதுங்கிய 41 நாடுகளுள் கனடாவும் ஒன்று. பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்தை 2007 இல் எதிர்த்து வாக்களித்த நான்கே நாடுகளிலும் கனடா இருந்தது. மற்றவை அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து. பின்னர் கனடா இரண்டிலும் மனம் மாறியது. பிரகடனத்தைச் செயற்படுத்துவதற்கான சட்டத்தையும் 2021 இல் இயற்றியது. ஜெனீவாவில் இலங்கை அரசு வாக்குறுதி அளிக்கும்போது நாம் எந்தக் கேள்விகளை எழுப்புகிறோமோ, அதாவது காலவரம்பு எங்கே, சட்டம் எங்கே, மீறினால் பொறுப்பேற்பவர் யார் என்பவற்றை, ஒட்டாவா வாக்குறுதி அளிக்கும்போதும் எழுப்புவதுதானே முறை?

ஒன்ராறியோவின் கிராஸி நரோஸ் என்னும் முதற்குடி ஊர் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். ஏனெனில் அங்கே நீரைக் கொதிக்கவைத்தும் பயனில்லை. மேற்கு ஒன்ராறியோவின் ட்ரைடன் நகரிலிருந்த காகிதக்கூழ் ஆலை 1962 முதல் 1970 வரை ஏறத்தாழ 9 தொன் பாதரசத்தை வபிகூன் ஆற்றில் கொட்டியது. ஆற்றடிச் சேற்றில் தங்கிய பாதரசம் நுண்ணுயிர்களால் மேலும் நச்சான வடிவத்துக்கு மாறி, மீனின் உடலில் சேர்ந்து, அந்த மீனையே உணவாகக் கொண்ட கிராஸி நரோஸ், வைற்டொக் மக்களின் நரம்புகளைத் தாக்கியது. கைநடுக்கம், பார்வை சுருங்குதல், நடை தளர்தல், உணர்விழத்தல் என ஆலைக்கழிவின் பாதரசத்தால் மக்கள் நோயுற்ற யப்பானின் மினமாற்றாவில் கண்ட அதே அறிகுறிகள். மினமாற்றா நோயை ஆராய்ந்த மருத்துவர் மசசூமி ஹறாடா 1975 இல் அங்கிருந்து வந்து இம்மக்களைப் பரிசோதித்துச் சொன்னதை ஏற்றுக்கொள்ளக் கனடிய அதிகாரிகள் தயங்கினர். 1970 இல் மீன்பிடி தடைசெய்யப்பட்டபோது உணவு மட்டும் போகவில்லை. வணிக மீன்பிடியும், வெளியூர்த் தூண்டிலாளருக்கு வழிகாட்டும் வேலையும் ஒரே வீச்சில் போயின. உழைத்துண்ட சமூகம் சில ஆண்டுகளில் அரச உதவிப்பணத்தில் தங்கியிருக்கும் சமூகமாக்கப்பட்டது. பின்னர் அமைக்கப்பட்ட இழப்பீட்டுச் சபை நோயின் அளவுக்குப் புள்ளி போட்டு, விண்ணப்பித்தோரில் பெரும்பாலானோரைத் திருப்பி அனுப்பியது.

ஆற்றைத் துப்புரவாக்க 85 மில்லியன் டொலர் ஒதுக்குவதாக 2017 இல் மாகாண அரசு அறிவித்தது. நச்சுச் சேறு இன்னும் ஆற்றில்தான் கிடக்கிறது. நோயுற்றோருக்கான பராமரிப்பு இல்லத்தை மத்திய அரசு 2017 இல் உறுதியளித்து, 2020 இல்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. இடையில், 2019 மார்ச்சில் ரொறன்ரோவில் நடந்த நிதிதிரட்டும் நிகழ்வொன்றில் கிராஸி நரோஸ் மக்களுக்காகக் குரல் எழுப்பிய ஒருவரைக் காவலர் வெளியேற்றுகையில், ‘உங்கள் நன்கொடைக்கு நன்றி’ என்று மேடையில் இருந்த பிரதமர் கேலியாகச் சொன்னார், அரங்கு சிரித்தது. மறுநாள் மன்னிப்பும் கேட்டார். கனடாவுக்கு மன்னிப்புக் கேட்பது கைவந்த கலை என்று எழுதினால் சிலருக்குக் கடுமையாகப் படலாம். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவைத்த வதிவிடப் பாடசாலைகளுக்காக 2008 இல் நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்ட மன்னிப்பு அம்மக்களில் பலருக்கு உண்மையான ஆறுதலாக இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் மன்னிப்பு கடந்த காலத்துக்கு உரியது. கிராஸி நரோஸின் பாதரசம் கடந்த காலத்தில் இல்லை.

மனிரோபா எல்லையை ஒட்டிய ஷோல் லேக் 40 என்னும் முதற்குடி ஊரின் கதை, எவரேனும் புனைந்திருந்தால் மிகையென்று சொல்லத்தக்கது. 1919 முதல் வின்னிபெக் நகருக்குக் குடிநீர் அவ்வூரை ஒட்டிய ஷோல் ஏரியிலிருந்தே செல்கிறது. கால்வாய்க்காக மக்கள் தம் பழைய குடியிருப்பிலிருந்து அகற்றப்பட்டனர். பின்னர் வெட்டப்பட்ட வாய்க்கால் அவர்களது நிலத்தைத் தரையிலிருந்து துண்டித்துத் தீவாக்கியது. அந்த நீரைக் குடித்து ஒரு மாநகரம் வளர, ஊற்றின் கரையில் இருந்தவர்கள் 1997 முதல் 2021 வரை, 24 ஆண்டுகள், கொதிக்கவைத்த நீரும் போத்தல் நீருமாக வாழ்ந்தனர். 2014 இல் வின்னிபெக்கில் கனடாவின் மனித உரிமைகள் அருங்காட்சியகம் பெரும் செலவில் திறக்கப்பட்டபோது, அதன் தடாகங்களில் நிறைந்திருந்ததும் அந்த ஏரியின் நீரே. ஷோல் லேக் மக்கள் சண்டை பிடிக்கவில்லை. தம் ஊரையே ‘கனடிய மனித உரிமை மீறல்களின் அருங்காட்சியகம்’ என்று பெயரிட்டு, பார்வையாளரை அழைத்துச் சுற்றிக் காட்டினர். 2019 இல் பாதையும் 2021 இல் நீர் நிலையமும் வந்து சேர்ந்தன. முடியாத காரியம் அல்ல இது. செய்ய வேண்டிய நெருக்குதல் இருந்தால் நடக்கிறது.

இனி, எம்மிடையே நிலவும் கருத்துகளுக்கு வருகிறேன். கலியாண வீடுகளிலும் கோயில் மண்டபங்களிலும் இப்பேச்சு எழும்போது வழமையாகச் சில மறுமொழிகள் கேட்கும். ‘அவர்களுக்கு வரியே இல்லை, எல்லாம் எங்கள் வரிப்பணம்’ என்பது முதலாவது. வரிவிலக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஈட்டும் வருமானத்துக்கும் அங்குள்ள உடைமைக்கும் உரியது. ரொறன்ரோவில் வேலை செய்யும் முதற்குடியினர் நம்மைப் போலவே வருமான வரி செலுத்துகின்றனர். எங்கள் வரிப்பணம் என்று நாம் சொல்வது எந்த நிலத்தின் மரத்தையும் தாதுப்பொருளையும் மின்னாற்றலையும் கொண்டு ஈட்டிய செல்வத்தின் பகுதி என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முதற்குடியினர் அரசுடன் செய்துகொண்ட, நெஸ்காண்டகா அடங்கும் ஒன்பதாம் உடன்படிக்கையின் கீழ் அம்மக்களில் ஒவ்வொருவருக்கும் ஆண்டொன்றுக்கு வழங்கப்படுவது 4 டொலர். நூறு ஆண்டுகளுக்கு முன்னும் 4 டொலர்தான், இன்றும் 4 டொலர்தான்.

‘அவ்வளவு தொலைவில் இருந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்’ என்பது இரண்டாவது. தொலைவு உண்மையான இடர்தான். சதுப்புநிலத்து ஏரிநீரில் தாவரக் கழிவு மிகுந்திருப்பதால் குளோரின் சேர்க்கும்போது வேறு வேதிப்பொருள்கள் உருவாகும் சிக்கலும் உண்டு. ஆனால் அற்றவபிஸ்கற் ஊருக்கு மேற்கே, அதே சதுப்புநிலத்தின் நடுவே, 2008 முதல் 2019 வரை ஒரு வைரச் சுரங்கம் இயங்கியது. அங்கே ஓடுபாதை வந்தது, மின்சாரம் வந்தது, தொழிலாளருக்கு வேண்டிய வசதிகள் வந்தன. சுரங்கம் மூடப்பட்ட அதே 2019 இல் அற்றவபிஸ்கற் மக்கள் தம் குழாய்நீரின் வேதிப்பொருள்களுக்காக அவசரநிலை அறிவித்தனர். தொலைவுதான் காரணம் என்றால், ரொறன்ரோவிலிருந்து காரில் ஒன்றரை மணிநேரத்தில் சென்றடையக்கூடிய பிரான்ற்ஃபோர்ட் அருகிலுள்ள ‘ஆறு தேசங்கள்’ என்னும் முதற்குடிச் சமூகத்தின் நிலப்பகுதிக்கு என்ன விளக்கம் சொல்வது? அங்கே நவீன சுத்திகரிப்பு நிலையம் உண்டு. அதிலிருந்து வீடுகளுக்கு நீர் செல்லும் குழாய்தான் பெரும்பாலான வீடுகளுக்கு இல்லை.

‘அப்படியானால் நகரத்துக்கு வந்துவிட வேண்டியதுதானே’ என்பது மூன்றாவது. இதை ஒரு தமிழர் வாயிலிருந்து கேட்கும்போது எனக்கு விடை சொல்லவே தோன்றுவதில்லை. வலிகாமம் வடக்கிலும் கேப்பாப்புலவிலும் இராணுவம் பிடித்துவைத்திருந்த தம் காணியின் வேலிக்கு வெளியே ஆண்டுக்கணக்காகக் குந்தியிருந்தவர்களிடம், வேறு இடத்தில் காணி தருகிறோம் என்று சொல்லப்பட்டபோது நாம் என்ன எழுதினோம் என்பது தங்கள் பத்திரிகையின் பழைய இதழ்களில் இருக்கும்.

இன்னொரு வகை மறுமொழியும் உண்டு. அது இவ்வளவு எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. நாம் வந்தேறியவர்கள், இது கனடிய அரசுக்கும் அம்மக்களுக்கும் இடையிலான பழங்கணக்கு, அதில் நாம் தலையிடுவது முறையா என்று பொறுப்புள்ள சிலர் கேட்கின்றனர். இதற்கு என் விடை நாம் எடுத்த உறுதிமொழியில் இருக்கிறது. 2021 ஜூனிலிருந்து குடியுரிமை பெறும் ஒவ்வொருவரும், முதற்குடிகள், இனுவிட், மெற்றி மக்களின் பூர்வகுடி உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்று உறுதிப்படுத்தும் அரசமைப்பைப் பேணுவதாகச் சத்தியம் செய்கின்றனர். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015 இல் முன்வைத்த 94 கோரிக்கைகளில் இறுதியானது அதுவே. அதற்கு முன் குடியுரிமை பெற்றவர்கள் அச்சொற்களை உச்சரிக்கவில்லை என்றாலும் அதே அரசமைப்பின் கீழ்தான் வாழ்கிறோம். அகதிக் கோரிக்கையாளரும் அந்த அரசமைப்பின் உரிமைச் சாசனத்திலுள்ள ‘ஒவ்வொருவரும்’ என்ற சொல்லுக்குள் அடங்குவர், அவர்களை நேரில் விசாரிக்காமல் திருப்பி அனுப்ப முடியாது என்று 1985 இல் உயர் நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்பளித்திராவிட்டால், அடுத்த பத்தாண்டுகளில் வந்திறங்கிய எம்மவரில் எத்தனை பேர் இங்கே நிலைத்திருப்போம்? 2010 இல் சன் சீ கப்பலில் வந்த 492 தமிழர் தடுத்துவைக்கப்பட்டு, அவர்களுக்கு எதிராக வானொலிகளிலும் நாளேடுகளிலும் வெறுப்புப் பேச்சு நிரம்பியபோது, அவர்களுக்குத் துணைநின்றதும் அதே உரிமைச் சாசனம்தான். சட்டத்தின் நிழலில் ஒதுங்கியவர்கள், அந்த நிழல் எட்டாத இடத்தைப் பற்றிப் பேசுவது தலையீடு ஆகாது. அதிலும், முதற்குடியினர் தம் நில உரிமைக்காக வழக்கறிஞரை அமர்த்தப் பணம் சேர்ப்பதையே 1927 முதல் 1951 வரை குற்றமாக்கி வைத்திருந்த நாடு இது. அவர்களது பழங்கணக்கு ஏன் இவ்வளவு பழையதாகியது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே நாம் செய்யக்கூடியது என்ன என்பதற்கு வருகிறேன். நிதி திரட்டிப் போத்தல் தண்ணீர் அனுப்பலாம் என்று இளையோர் சிலர் முன்வரக்கூடும். அவர்களது நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் அரசு 30 ஆண்டுகளாகப் போத்தல் தண்ணீர் அனுப்பித்தான் வருகிறது. தேவைப்படுவது சட்டம். 2023 டிசம்பரில் சி-61 என்ற சட்டமூலம் மத்திய நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. குடிநீருக்குக் குறைந்தபட்சத் தரம், நீரூற்றுகளைப் பாதுகாக்கும் வலயங்கள், போதிய நிதிக்கான ஏற்பாடு, தம் நீரைத் தாமே ஆளும் முதற்குடிகளின் உரிமை ஆகியவை அதில் இருந்தன. குறைகளும் இருந்தன, முதற்குடித் தலைவர்களிடையே அதைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. 2025 ஜனவரியில் நாடாளுமன்ற அமர்வு முடித்துவைக்கப்பட்டபோது அது காலாவதியானது. அதே ஆண்டு கோடையில், ஒன்ராறியோ, அல்பேர்ட்டா மாகாணங்களின் சுற்றுச்சூழல் அமைச்சர்கள், அச்சட்டமூலத்தை மீண்டும் கொண்டுவர வேண்டாம் என்று மத்திய அரசுக்குக் கூட்டாகக் கடிதம் எழுதினர். தொழில் முயற்சிகளைத் தாமதப்படுத்தும், போட்டித்திறனைக் குறைக்கும் என்பது அவர்கள் காட்டிய காரணம். அதற்குச் சற்று முன்னர்தான், ‘நெருப்பு வளையம்’ எனப்படும் வடபகுதிக் கனிமப் படுகையைத் துரிதமாகத் தோண்டுவதற்கு வழிவிடும் ஐந்தாம் சட்டமூலத்தை ஒன்ராறியோ நிறைவேற்றியிருந்தது. அந்தக் கனிமப் படுகை நெஸ்காண்டகா மக்களின் பாரம்பரிய நிலங்களின் அருகில் உள்ளது.

ஒன்ராறியோ அமைச்சர் எழுதிய அக்கடிதம் எமது பெயராலும் எழுதப்பட்டதுதான். அம்மாகாண அரசில் அங்கம் வகிப்போர் தைப்பொங்கலுக்கும் தமிழர் தெருவிழாவுக்கும் வந்து வேட்டி கட்டிப் படம் எடுத்துக்கொள்கின்றனர். தமிழ் மரபுத் திங்களைப் பாராட்டி அறிக்கை விடுகின்றனர். தமிழினப் படுகொலைக் கல்வி வாரச் சட்டத்துக்கு வாக்களித்தவர்களும் அவர்களில் உண்டு. அதற்கு நாம் நன்றி கூறினோம், கூறுவோம். எந்தக் கட்சியையும் இக்கடிதத்தில் நான் தனியாகக் குறைசொல்ல விரும்பவில்லை. மத்தியில் லிபரல்களும் பழமைவாதிகளும் மாறிமாறி ஆண்டிருந்த காலம் முழுவதும் நெஸ்காண்டகாவில் நீர் கொதித்துக்கொண்டே இருந்தது. எமது விழாக்களின் தொடக்கத்தில், நாம் நிற்பது பூர்வகுடிகளின் நிலம் என்று ஏற்றுக்கொள்ளும் நில ஒப்புகை வாசிக்கப்படுகிறது. பெரும்பாலும் ஒரு மாணவரிடம் தாளைக் கொடுத்து அவசரமாக வாசிக்கச் செய்துவிட்டு, அடுத்து மங்கள விளக்கேற்றலுக்குச் செல்கிறோம். அதே மேடையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் மாகாணசபை உறுப்பினரிடமும் குடிநீர்ச் சட்டம் பற்றி எவரும் கேட்டதாக நான் அறியவில்லை.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. முதற்குடிச் சமூகங்களின் குடிநீருக்குச் சட்டவலுவுள்ள தரத்தையும், அதை நிறைவேற்றும் நிதிக் கடப்பாட்டையும் உள்ளடக்கிய சட்டத்துக்கு, அம்மக்களின் ஒப்புதலோடு அது முன்வைக்கப்படும்போது, வாக்களிப்பீர்களா? அரசுக்குச் சட்டக் கடமை இல்லை என்ற வாதத்தை நீதிமன்றங்களில் கைவிடுமாறு உங்கள் கட்சியை வலியுறுத்துவீர்களா? கிராஸி நரோஸ் ஆற்றின் சேறு எந்த ஆண்டில் அகற்றப்படும்? இவற்றுக்கு ஆம், இல்லை, இன்ன ஆண்டு என்ற அளவில் விடை தரலாம். ‘ஆழ்ந்த கரிசனை’ என்று தொடங்கும் விடைகளை நாம் ஏற்கத் தேவையில்லை. அத்தகைய விடைகளைக் கொழும்பிலிருந்து வேண்டிய அளவு பெற்றிருக்கிறோம்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த தேர்தலில் எமது தொகுதிகளின் வேட்பாளர்களை, அவர்கள் தமிழராயினும் அல்லாதாராயினும், தங்கள் பத்திரிகை வழமைபோல் நேர்காணும்போது இக்கேள்விகளையும் சேர்த்து, அவர்கள் தரும் விடையைச் சுருக்காமல் வெளியிட வேண்டும். விடைதர மறுத்தால் அதையும் வெளியிட வேண்டும். மற்றொன்று, வாய்ப்புக் கிட்டுமானால், முதற்குடி எழுத்தாளர் ஒருவரையோ தலைவர் ஒருவரையோ அழைத்து, தம் ஊரின் நீரைப் பற்றி அவர்களே சொல்வதைத் தமிழில் பெயர்த்து வெளியிட வேண்டும். நான் எழுதியது வெளியே இருந்து பார்க்கும் ஒருவரின் எழுத்து. அவர்களுக்கு இதைவிடத் திருத்தமாகவும், அனேகமாக இதைவிடக் கோபமாகவும், சொல்ல இருக்கும். அந்தக் கட்டுரையின் மொழிபெயர்ப்புச் செலவை என்னைப் போன்ற வாசகர்கள் சிலர் சேர்ந்து ஏற்கத் தயாராக இருக்கிறோம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ